சாப்பாட்டுப் பையில் போன டிஸ்க்

சர்வர் அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ரத்த வங்கியின் பெரிய கணினியான அவரிடம்தான் கொடையாளர் விவரமெல்லாம் இருந்தது. சின்ன ஹார்ட் டிஸ்க்கான நான் வழக்கம்போல் அதை நகலெடுத்துக்கொண்டு, பொறுப்பாளர் செங்கமலத்தின் சாப்பாட்டுப் பைக்குள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அண்ணனை ஒட்டியே இருந்து அதே விவரத்தை நகலெடுத்து வைக்கும் பெரிய பெட்டி சிரித்தது. "ரசம் வாசத்தோட போறவனே, நீயெல்லாம் ஒரு காவலா?"

"உன்ன மாதிரி அண்ணன் தோள்ல நான் சாஞ்சு கிடக்கல" என்றேன்.

"பத்திரமா போய்ட்டு வா தம்பி" என்றார் அண்ணன்.

மறுநாள் மாடித் தொட்டி உடைந்து, தண்ணீரில் இருவரும் மூழ்கிப்போனார்கள்.

திங்களன்று, பிரசவமான ஒரு பெண்ணுக்கு அரிய வகை ரத்தம் உடனே வேண்டுமென்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். செங்கமலம் என்னைப் புதுக் கணினியில் செருகினார். நான் திறந்துகொண்டேன்.

அண்ணன் சேர்த்துவைத்த நாலாயிரத்து இருநூறு பேரில் ஒருவர்கூடக் குறையவில்லை.