கடைசி ஆளுக்குப் பின்னால்

“இன்னைக்காவது புள்ளைக்கு ஒரு பேரை வைடி, நயா. கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு பாரு.”

பொலெத்தா சூப் அண்டாவைக் கிண்டியபடியே சொன்னாள். நயாவின் கணவனுக்கு அக்கா அவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

“வயித்து வலியா இருக்கும், அண்ணி.” நயா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

“வயித்து வலியாம்! பொறந்ததிலிருந்தா? பேருக்காக அழுவுதுடி அது. என் தம்பி பேரை வை, உடனே நிக்குதா இல்லையா பார்.”

“வெச்சா, அவர் செத்துட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என்னால முடியாது.”

கிரீன்லாந்தில் எங்கள் பக்கம், இறந்தவர் பெயரைத்தான் பிறந்த குழந்தைக்கு வைப்போம். அப்புறம் அந்தக் குழந்தைதான் எங்களுக்கு அந்த ஆள். உயிரோடு இருப்பவர் பெயரை எடுத்து வைத்தால் அவருக்கு ஆகாது. பொலெத்தாவுக்கும் அது தெரியும். வெளியே எட்டிப் பார்த்தாள்.

மராத்தான் பாதையில், ஊருக்குள் நுழையும் முன் உள்ள கடைசிக் கூடாரம் அவர்களுடையது. பனிமலையில் ஆரம்பிக்கிற ஓட்டத்துக்கு எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருவார்கள். காசைக் கொட்டிக் குளிரில் விறைக்க வருகிற கூட்டம் என்று பொலெத்தாவுக்கு இளக்காரம்தான். ஆனால் அவர்களுக்கு ஊற்றுகிற சூப்பில் கறியைக் குறைக்க மாட்டாள்.

நயாவின் கணவன் மித்தெக் போன வருடம் இதே ஓட்டத்தன்றுதான் காணாமல் போனான். கடைசி ஆளோடு கூடவே ஓடி வருவது அவன் வேலை. பனியில் உட்கார்ந்துவிடாமல் கதை சொல்லிச் சொல்லியே ஊர்வரை இழுத்து வந்துவிடுவான். அன்றும் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பாதைக் கொடிகளைப் பிடுங்கத் திரும்ப மேலே போனான். பனிப்புயல் பிடித்துக்கொண்டது. தேடாத இடமில்லை; உடல்கூடக் கிடைக்கவில்லை.

“அவர் கோவத்துலதான் போயிருக்கார், அண்ணி. அன்னைக்குக் காலைல நான்தான் கத்தினேன். இனிமே வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதேன்னு சொன்னேன். கோவம் தணிஞ்சா வந்துடுவார்.”

“கோவமா? அவனுக்கா? பசிச்சா எல்லாத்தையும் மறந்துட்டுத் தட்டைத் தூக்கிக்கிட்டு வர்ற பயடி அவன்.” சிரித்தபடி சொன்ன பொலெத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோபித்துக்கொண்டு மலையேறிப் போய், மனித முகத்திலேயே விழிக்காமல் வாழ்கிறவர்களைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். நயா அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது, மூச்சு வாங்க ஒருவர் உள்ளே வந்தார். டோர்பென் என்ற டென்மார்க்காரர். கொழுத்த உடம்பு, தாடியெல்லாம் உறைந்து வெள்ளையாகியிருந்தது.

“நீங்கதான் கடைசி. வாங்க, உட்காருங்க” என்று பொலெத்தா சூப்பை நீட்டினாள்.

“நான் கடைசி இல்லைங்க. பின்னால ஒருத்தர் வர்றார். அவருக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க.”

“பின்னால யாருமே இல்லையே? இப்பத்தான் வாக்கிடாக்கியில சொன்னாங்க.”

“நல்லா இருக்கே! மேலேருந்து அவர்தாங்க கூட்டிக்கிட்டு வந்தார். நான் ஏரி வளைவுல பனியிலயே படுத்துட்டேன். ‘எந்திரிங்க, இங்க தூங்கினா அப்புறம் எந்திரிக்கவே முடியாது’ன்னு ஒரே சத்தம். வழியெல்லாம் கதைதான். கஸ்தூரி எருது துரத்தி, ஒரு பாதிரியார் கக்கூஸுக்குள்ள ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாராம். ஞாயித்துக்கிழமை ஜெபத்தையே உள்ளேருந்துதான் நடத்தினாராம்!” டோர்பென் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பொலெத்தாவின் கையிலிருந்து கரண்டி நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. அந்தக் கதை மித்தெக்கின் கதை. அவனைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

“சிவப்புக் குல்லாவா? முன்பல்லு பாதி உடைஞ்சிருந்துச்சா?” நயா கிட்டே ஓடி வந்து கேட்டாள்.

“ஆமா, அவரேதான். தெரிஞ்சவரா?”

“சொன்னேன்ல, அண்ணி! உயிரோட இருக்கார்! நான் சொன்னேன்ல!”

குழந்தையோடு வெளியே ஓடினாள். பாதை நெடுக யாரும் இல்லை. கூடாரத்துக்கு வெளியே கட்டியிருந்த மித்தெக்கின் பனிவண்டி இழுக்கும் நாய்கள் மட்டும் எழுந்து நின்று, அந்த வெறும் பாதையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. நயா அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

“உள்ள வாங்க! அன்னைக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்! வந்துடுங்க!”

காற்றுதான் வீசியது. குழந்தை முன்னைவிட வீறிட்டது. நயா அழுதுகொண்டே திரும்பி உள்ளே வந்தாள்.

“என்மேல அவருக்கு இன்னும் கோவம். அதான் வரமாட்டேங்கிறார்.”

“கோவமா?” டோர்பென் குழம்பிப்போய்ப் பார்த்தார். “இல்லையேம்மா, சிரிச்ச முகமாத்தான் இருந்தார். உள்ள வந்து ஒரு வாய் சூப் குடிங்கன்னு நான்கூடக் கூப்பிட்டேன். அதுக்கு அவர் சொன்னதுதான் எனக்கு ஒண்ணும் புரியல.”

“என்ன சொன்னார்?”

“‘ஒரு வருஷமா வெளியிலயேதான் நிக்கிறேன். என் பேரைப் புள்ளைக்கு வெச்சாத்தானே நான் வீட்டுக்குள்ள வர முடியும்?’னார்.”

நயா குழந்தையின் காதில் வாயை வைத்து, “மித்தெக்” என்றாள். பிறந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, அவளைப் பார்த்துச் சிரித்தது.