சேலையில் விழும் கோடுகள்

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மகளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய் மூன்று மணி நேரமாகிறது. அங்கே உட்கார்ந்திருக்கத் தைரியமில்லாமல்தான் கோமதிநாயகம் தறிக்கு வந்துவிட்டார். தறிச் சத்தத்தில் போன் பேச்சு கேட்காது என்பதால் மருமகன், "மெசேஜ் போடுதேன் மாமா" என்றிருக்கிறான். சட்டைப்பையில் போன் அதிரும்போதெல்லாம் தறியை நிறுத்திப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் ஏதாவதொரு கட்சி ஓட்டுக் கேட்கிறது. நிறுத்தின இடமெல்லாம் சேலையில் கோடு விழுந்து கிடக்கிறது. "வே, இந்தச் சேலைய எவன் எடுப்பான்?" என்று பக்கத்துத் தறி ஜெபசிங் கத்துகிறார். மறுபடியும் அதிர்கிறது. பஞ்சு படிந்த விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் திறக்கிறார். வேட்பாளர் கும்பிட்டபடி சிரிக்கிறார். "ஒமக்கே ஓட்டுப் போடுதேன் அண்ணாச்சி," என்று அந்தப் படத்திடம் கெஞ்சுகிறார் கோமதிநாயகம், "எம்புள்ள கண்ணு முழிச்சாளான்னு மட்டும் சொல்லும்."