பிச்சுவின் மணல்தொட்டி

நார்வேயிலிருந்து மகள் வெண்பா அனுப்பிய மணல்தொட்டி, பூனை அதில் போகும் சிறுநீரைத் தானே சோதித்து அவள் போனுக்குச் செய்தி சொல்லிவிடும். பூனை பிச்சுவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்ட வாரம் முழுக்க, அம்மா மரகதத்தை அவள் தினமும் கூப்பிட்டாள்.

"இன்னும் சொட்டு சொட்டாத்தான் போறானாம்மா? தண்ணி குடிக்கிறானா?"

பிச்சு தேறினான். போன் வருவது நின்றது.

இருபது நாள் பொறுத்துப் பார்த்தாள் மரகதம். இன்று மதியம், பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். பார்க்க ரத்தம் போலவே இருந்தது.

மறுநிமிடமே போன் அடித்தது.

"அம்மா, தொட்டி பீட்ரூட்டுன்னு சொல்லுது. என்னம்மா பண்ணினே?"

மரகதம் காலிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பொரியல்தான். நீ ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவியே, அது."