நடு நெற்றியில் ஒரு பாடகி

மாலை வெயில் கடையின் கண்ணாடிக் கதவு வழியே சாய்ந்து, மேசைமேல் அக்கா கழற்றி வைத்த நான்கு ஹெட்போன்களின் பஞ்சு வளையங்களில் படிகிறது. ஐந்தாவது அவள் காதில் இருக்கிறது. காய்ச்சலில் இடது காது மந்தமானதிலிருந்து, எதைப் போட்டாலும் அதில் பாடும் பாடகி வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறாள். இரண்டு வருஷமாக அக்கா பாட்டே வேண்டாமென்று இருந்துவிட்டாள். "கடையையே காதுல மாட்டிப் பாத்துட்டா," என்று தங்கை கொட்டாவி விடுகிறாள். கடைக்காரர் உள்ளங்கையளவு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து இணைக்கிறார். இரண்டு காதுக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பங்கிடும் குமிழ் அதில் இருக்கிறது. அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறார். அக்காவின் கண்கள் மூடுகின்றன. பாடகி வலக்காதை விட்டுக் கிளம்பி, அடிமேல் அடி வைத்து வந்து, நடு நெற்றியில் நிற்கிறாள். அக்கா அந்த இடத்தை விரலால் தொடுகிறாள். "வந்துட்டா," என்கிறாள், ஹெட்போன் போட்டவர்களுக்கே உரிய உரத்த குரலில். கடையே திரும்பிப் பார்க்கிறது. "கைய எடுத்துடாதீங்க, போயிடுவா." கண்ணைத் திறக்கிறாள். கடைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். குமிழை விட்டு எப்போதோ கையை எடுத்தாயிற்று. பாடகி நின்ற இடத்திலேயே நின்று பாடுகிறாள்.