ராசாத்தாளின் வேண்டுதல்

நர்ஸ் வேலையில் சேர்ந்த மூன்றே மாதத்தில் குழந்தையம்மாளுக்கு வெறுத்துப்போயிற்று. சோற்றில் கை வைத்தாலும் மருந்து வாடைதான் அடித்தது. சொந்தக்காரர்கள் அவள் தொட்ட சொம்பைக்கூட ஒதுக்கி வைத்தார்கள்.

மனம் விட்டுப் பேச ஆஸ்பத்திரியில் ராசாத்தாள் ஒருத்திதான் இருந்தாள். இருமி இருமிப் பாதியாகிப்போன நோயாளி. மஞ்சள் துணியில் எதையோ முடிந்து, கையிலேயே வைத்திருப்பாள். கோயில் தாயத்து என்று குழந்தையம்மாள் எண்ணிக்கொண்டாள். ஒருநாள் டிஞ்சர் சிந்தித் துணி கறையானபோதும் ராசாத்தாள் அதை விடவில்லை.

"வேற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறனுங்கக்கா. அங்க ஒரு ஆளு வேலைய உட்டு நின்னாத்தான் எனக்கு இடமாமுங்க."

"சீக்கிரமே கெடைக்கும் கண்ணு. நானும் மாரியாத்தாகிட்டக் கேட்டுக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ராசாத்தாள் கண்ணை மூடினாள். அந்த முடிப்பை அவள் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையம்மாள் அழுதாள். இனி ஒரு சாவைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று தோன்றியது.

நாலாம் நாள், அவள் வேலைக்குச் சொல்லி வைத்திருந்த பஞ்சு மில் மேஸ்திரி நஞ்சுண்டன் ஆள் அனுப்பினார். ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றாள்.

"நேத்துத்தான் ஒரு இடம் காலியாச்சு அம்மணி. இந்த நம்பர் வில்லையைக் காட்டுனாத்தான் கேட்டுல உள்ள உடுவாங்க. தொலைச்சுப்போடாதே."

மேசைமேல் அவர் வைத்த பித்தளை வில்லை இன்னும் மஞ்சள் துணியில்தான் கிடந்தது. டிஞ்சர் கறைகூட மங்கவில்லை.

"ஏன் அம்மணி அப்படியே நின்னுட்டே? இதுக்குத்தானே இத்தனை நாளா வேண்டிட்டு இருந்தே?"