தனியாக ஒரு படம்

"தலையில இருக்கற நெட்டை எடுத்துட்டு, பூவையும் எடுத்துட்டு, இவளை மட்டும் தனியா ஒண்ணு எடுத்துடும்மா. பின்னால ஒண்ணும் வேணாம், வெள்ளைச் சுவரு போதும்."

மாப்பிள்ளையின் அம்மா மௌரீன்தான் கேட்டாள். பாஸ்போர்ட்டுக்குத் தேவைப்படும் என்று காரணமும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, ரிசப்ஷனுக்கு கேக் வந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.

போட்டோ எடுக்க வந்திருந்த லவினா அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பும் மௌரீன் இதையேதான் கேட்டாள். இதே ஜீவனஹள்ளி வீடு, இதே சுவர், மாப்பிள்ளையும் இதே டேரில். மணப்பெண்தான் வேறு. கிரேஸ் என்று பெயர், கோலார் தங்கவயல் பெண்.

அந்தக் கல்யாணம் நடந்த ஐந்தாவது மாதம் மௌரீனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, அந்தத் தனிப் படத்தைப் பெரிய சைஸில் அனுப்பும்படி. லவினா எதுவும் கேட்காமல் அனுப்பிவைத்தாள். இரண்டு நாள் கழித்து காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் போனவள், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தான் எடுத்த படத்தைப் பார்த்தாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள்.

ஜோகுபாளையத்தில் ஒரு மாடியில் லவினாவின் ஸ்டூடியோ இருக்கிறது. குடும்பப் படம், பிறந்தநாள், கல்யாணப் பெண், இவைதான் அவளுக்கு வேலை. இந்த வாரம்கூட பீன்யாவில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இன்றைய வேலைக்குக் கூப்பிட்டது மணப்பெண் ஆஞ்சலாதான். வேறு யாரும் வேண்டாம், நீங்கள்தான் வர வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். விலாசம் காலையில்தான் வந்தது. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் எந்த வீடு என்று லவினாவுக்குப் புரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கிரேஸின் கல்யாணத்தன்று எடுத்த படங்களில் ஒன்றை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. டேரில் கிரேஸின் தோளில் கை வைத்த நொடியில் எடுத்தது. தோள் ஒடுங்கி, கண் இறுக மூடி, அடி விழப்போகிறது என்று முகத்தைத் திருப்பியிருந்தாள் அந்தப் பெண். படம் சரியில்லை என்று அங்கேயே நின்றபடி லவினா அதை அழித்துவிட்டாள்.

கண் மூடிய படங்களை எல்லோரும் அழிக்கத்தான் செய்கிறார்கள். இருந்தும் போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஒரு படம்தான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

சற்று முன் இந்த ஜோடியை எடுக்கும்போதும் டேரில் அதே மாதிரி தோளில் கை வைத்தான். லவினா அந்தத் தோளையே பார்த்தாள். ஆஞ்சலா ஒடுங்கவில்லை. தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். படம் எடுத்து முடிந்தும் விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே கையை இழுத்துப் பார்த்தான். இரண்டாவது தடவை இழுத்தபோதுதான் விட்டாள்.

இப்போது ஆஞ்சலா ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நெட்டையும் பூவையும் அவளே கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

லவினா கேமராவைக் கண்ணில் வைத்தாள். உடனே இறக்கிவிட்டாள்.

அந்த நெற்றியும் புருவமும் இதே சுவர் முன்னால் அவள் ஏற்கெனவே எடுத்தவை. பயத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்து வெறும் கண்ணால் பார்த்தாள். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

லவினாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தலைமுடியைச் சரிசெய்வதுபோல் பக்கத்தில் போய்க் குனிந்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் பெண்ணைப் பற்றி, போஸ்டரைப் பற்றி, தான் அழித்த படத்தைப் பற்றி. கோயிலில் கல்யாணம் முடிந்துவிட்டாலும் பரவாயில்லை, ஸ்கூட்டர் வெளியில்தான் நிற்கிறது, இப்படியே கிளம்பிவிடலாம் என்றாள்.

ஆஞ்சலா திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி நேராகவே உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்க்கா. நீங்க எடுத்த படம் எங்க வீட்டு ஹால்லதான் மாட்டியிருக்கு. கிரேஸ் என் கூடப் பிறந்தவ."

அக்கா கல்யாணத்தின்போது தனக்கு நர்ஸிங் பரீட்சை, அதனால் வரவில்லை என்றாள். போன வருடம் மௌரீனே தங்கவயலுக்கு வந்து சின்னவளைப் பெண் கேட்டாளாம். வீட்டில் ஒருவர் விடாமல் வேண்டாம் என்றார்கள். சரி என்றது தான் மட்டும்தான் என்றாள்.

பிறகு, அழித்துவிட்ட படத்தில் அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

லவினா மறைக்காமல் சொன்னாள். ஆஞ்சலா கேட்டுக்கொண்டாள். அழவில்லை. கழுத்துச் சங்கிலியை நேராக்கிக்கொண்டு, எடுங்கள் என்றாள்.

லவினா எடுத்தாள். படத்தில் அவள் கண் நன்றாகத் திறந்திருந்தது.

உள்ளே கேக் பெட்டியைத் திறந்திருப்பார்கள் போலிருந்தது. டேரிலின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆஞ்சலா எழுந்து, புடவையால் ஸ்டூலை ஒரு தடவை துடைத்தாள்.

"இப்ப அவரைக் கூப்பிடுங்கக்கா. அவரையும் தனியா ஒண்ணு எடுத்துடுங்க. பெருசு பண்ணாலும் தெளிவா இருக்கணும்."

லவினா ஸ்டூலைச் சுவருக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

பிறகு உள்பக்கம் திரும்பி, டேரிலைக் கூப்பிட்டாள்.