லியோனிலிருந்து க்ளேர்

கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள் முசியே, பேசிக்கொண்டே இருங்கள் என்று கிருபா பிரெஞ்சில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் முசியே மொரோ பிரான்சில் தன் கிராமத்தின் ஏதோ ஒரு வண்டிப்பாதையில் மல்லாந்து கிடந்தார். காலையில் ஓடப் போனவர். பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கைக்கு அகப்பட்ட பட்டனை அமுக்கியிருக்கிறார். கடைசியாகப் பேசிய எண்ணுக்கே போன் போய்விட்டது. நேற்று அவர் கார் மக்கர் செய்தபோது கூப்பிட்ட உதவி எண் அது. அந்த எண் வந்து சேருகிற இடம் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மூன்றாவது மாடி கால் சென்டர்.

இது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கிருபாவின் பெயர் க்ளேர், ஊர் லியோன். சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்த பாடம்.

நல்லவேளையாக லியோனில் நிஜமாகவே ஒரு தலைமை அலுவலகம் இருந்தது. டீம் லீடர் ஹேமநாத் இன்னொரு போனில் அவர்களைப் பிடித்துவிட்டான். நேற்று பதிந்துவைத்த முகவரியை வைத்து அவர் கிராமத்துக்கு ஆம்புலன்சும் கிளம்பிவிட்டது. அங்கே எந்தப் பாதையில் போவது என்பதுதான் தெரியவில்லை.

லைனை லியோனுக்கே மாற்றிவிடலாம். மாற்றும்போது அறுந்துபோனால், அந்த மனுஷனுக்கு இன்னொரு தடவை பட்டனை அமுக்கத் தெம்பிருக்குமா?

"தினமும் எந்த வழியா ஓடுவாராம்? அத மட்டும் கேளு கிருபா" என்றான் ஹேமநாத்.

மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார். மாதா கோயிலுக்குப் பின்பக்கம். அப்புறம் கல்லறைத் தோட்டம். அங்கே பாதை பிரியும். அங்கிருந்து த்ருவா. சூரியகாந்திக் கொல்லை. ஓர் ஒற்றை மரம்.

"கல்லறைகிட்ட ரைட் எடுக்கணும் ஹேமநாத். ரைட்ல சூரியகாந்தி வரும், அங்க ஒரு மரம்."

சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று முசியே மொரோ கேட்டார்.

லியோன் என்றது வாய். பழக்கம்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. அப்படியானால் பக்கம்தான், நீங்களும் வந்துவிடுங்களேன் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது, க்ளேர்.

வருகிறேன் என்றாள். வேறு என்ன சொல்வது?

ஹேமநாத் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். அவன் முகம் செத்திருந்தது. "ரைட்ல ஒரு குட்டைதான் இருக்காம். மரமும் இல்ல, ஆளும் இல்லன்றாங்க."

அவர் சொன்னதைக் கிருபா மனதுக்குள் மறுபடி ஓட்டிப்பார்த்தாள்: அங்கிருந்து த்ருவா.

த்ருவாத் என்றால் வலப்பக்கம். த்ருவா என்றால் நேராக. எழுதும்போது கடைசியில் ஒற்றை எழுத்துதான் வித்தியாசம். அதைக் கண்ணால் பார்த்தே படித்தவள் அவள். தமிழ் எடுத்தால் எழுபது தாண்டாது, பிரெஞ்சு எடுத்தால் தொண்ணூற்றெட்டு நிச்சயம் என்று சேலையூரில் எல்லா அப்பாக்களும் கணக்குப் போட்ட மாதிரிதான் அவள் அப்பாவும் போட்டார். தொண்ணூற்றெட்டும் வந்தது. பரீட்சையில் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே அந்தச் சுரைக்காயை நம்பி ஓர் உயிர் கிடந்தது.

"நேரா போகச் சொல்லு! ஸ்ட்ரெயிட்டா! நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று கத்தினாள். குறுகலான பாதையாம். குட்டை வரைக்கும் போன வண்டி பின்பக்கமாகவே வந்துதான் திரும்ப வேண்டுமாம்.

முசியே மொரோவிடமிருந்து பேச்சில்லை. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு மட்டும் கேட்டது.

அந்த மூச்சை விட்டுவிடக் கூடாது என்று கிருபா வாய்க்கு வந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினாள். கிழமைகளைச் சொன்னாள். மாதங்களைச் சொன்னாள். என் அத்தையின் பேனா மேஜைமேல் இருக்கிறது, பியேர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிறான் என்று ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஒப்பித்தாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்பதையும் நடுநடுவே சொன்னாள்.

எவ்வளவு நேரம் அப்படி உளறினாளோ, கடவுளே!

திடீரென்று அவர் பேசினார். கேட்கிறது என்றார்.

கிருபாவுக்கும் கேட்டது. ஆம்புலன்ஸ் சத்தம். முதலில் லேசாக, பிறகு வலுத்து, காதுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. நீங்கள் வந்துவிட்டீர்கள், க்ளேர் என்றார். அவர் குரலில் இருந்த பயம் போயிருந்தது.

கிருபா எழுந்து நின்று ஹேமநாத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அவன் சிரிக்கவில்லை. "அவங்க வண்டி இன்னும் குட்டைகிட்டயேதான் நிக்குதாம், கிருபா."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். யாரோ காற்றுக்காகத் திறந்துவிட்டிருந்தார்கள். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில், ஷேர் ஆட்டோக்களுக்கும் ஒரு பல்லாவரம் பஸ்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்த ஹேமநாத் பாய்ந்தான்.

கிருபா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றி, ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து, அதன் மைக்கை ரோட்டுப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.